நாலு வகை கோடு, ஒரு பென்சில்: சோல் லெவிட் மாதிரி வரைஞ்சு பாக்கலாமா

அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட்டோட பென்சில் படத்தை மொத தடவ பாத்தப்போ "வெறும் கோடுதானே, இதுல என்ன இருக்கு"ன்னுதான் எனக்கும் தோணுச்சு, உக்காந்து போட ஆரம்பிச்சதும் பத்தே நிமிஷத்துல முதுகு பதில் சொல்லிருச்சு. மனுஷன் 1968ல நியூயார்க் பவுலா கூப்பர் கேலரியில சுவத்துலயே நேரா பென்சிலால கோடு போட்டாரு. பின்னாடி எல்லாம் எப்படி போடணும்னு குறிப்பு எழுதிக் குடுத்துருவாரு, வேற ஆளுங்க வரைவாங்க. அதனால நாமளும் பழகிப் பாக்குறதுல தப்பே இல்ல.

நாலே வகை கோடுதான். செங்குத்து, படுக்கை, வலப்பக்க சாய்வு, இடப்பக்க சாய்வு. சாய்வு ரெண்டும் 45 டிகிரி. இதுங்களை ஒண்ணு மேல ஒண்ணா போட்டா மொத்தம் 15 விதம் வரும், தனித்தனியா 4, ரெண்டு ரெண்டா 6, மூணு மூணா 4, நாலும் சேந்து 1. எடுத்த எடுப்புல 15க்கும் ஆசைப்படாதீங்க, கட்டத்துக்கு ஒரு வகைக் கோடுன்னு நாலு கட்டம் போதும்.

வேணுங்கறது கார்ட்ரிட்ஜ் ஷீட் (படம் வரையுற கெட்டித் தாள்), 2எச் இல்லன்னா 4எச் பென்சில் (முனை கெட்டியா இருக்கும்), ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ்ல தூங்குற மூலைமட்டம் (செட் ஸ்கொயர்). எச்பி வேணாம், கை பட்டாலே தேய்ஞ்சு அப்பிடும். 16 செ.மீ. சதுரம் ஒண்ணு போட்டு நாலா பிரிங்க, ஒரு கட்டம் 8 செ.மீ. வரும். கோட்டுக்குக் கோடு 2 மி.மீ. இடைவெளி, அப்போ செங்குத்து கட்டத்துக்குள்ள 39 கோடு, படுக்கைக்கும் அதே 39.

சாய்வுலதான் நான் ஏமாந்தேன். ஓரத்துல 2 மி.மீ.க்கு ஒரு புள்ளி வச்சு சாய்ச்சு இழுத்தா கோடுங்களுக்கு நடுவுல 1.4 மி.மீ.தான் வருது, அந்தக் கட்டம் மட்டும் திட்டா கறுத்துப் போச்சு, ஏன்னே புரியாம ஷீட்டையே கிழிச்சுப் போட்டேன். சரியான வழி என்னன்னா, கோடு எந்தப் பக்கம் சாயப்போகுதோ அதுக்கு எதிர் மூலைவிட்டத்துல ஸ்கேலை வச்சு (கோடு போடாதீங்க, புள்ளி மட்டும்) 2 மி.மீ.க்கு ஒண்ணு வச்சுக்கோங்க. அப்புறம் ஸ்கேலை ஓரத்தோட அழுத்திப் புடிச்சு, 45 டிகிரி மூலைமட்டத்தை அது மேல நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு புள்ளி வழியாவும் இழுங்க. காலேஜ்ல மினி டிராஃப்டர் புடிச்சவங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

இழுக்கும்போது பென்சிலை விரல்ல லேசா உருட்டிக்கிட்டே இழுங்க, முனை ஒரே பக்கம் தேயாது. அஞ்சாறு கோட்டுக்கு ஒருக்கா சீவணும், சோம்பல்பட்டா பாதிக் கட்டம் மெல்லிசாவும் மீதி தடியாவும் நிக்கும். நம்ம ஊரு வேர்வைக்கு உள்ளங்கைக்கு அடியில ஒரு துண்டுப் பேப்பர் கட்டாயம். கோணலா போயிட்டா ரப்பரைத் தொடாதீங்க, அழிச்ச எடம் பளபளன்னு தனியா தெரியும், கோணல்கோடு தெரியாது.

முடிஞ்சதும் சுவத்துல ஒட்டிட்டு பத்தடி தள்ளி நின்னு பாருங்க, கோடெல்லாம் கரைஞ்சு நாலு சாம்பல் சதுரம்தான் தெரியணும். ஏதாவது ஒண்ணு மட்டும் கறுப்பா தெரிஞ்சா அந்தக் கட்டத்துல ஸ்கேலை வச்சு இடைவெளியை மறுபடி அளந்து பாருங்க.