கண்டெய்னரை எழுப்புவது பேஸ்மேக்கர் மட்டும்தான்

ஒரு சர்வர் விழுந்தால் அதன் வேலையை மற்றொரு சர்வரில் எழுப்பும் மென்பொருள்தான் பேஸ்மேக்கர். அது நடத்தும் கிளஸ்டரில், அதாவது சர்வர் கூட்டத்தில், டாக்கர் கண்டெய்னரை (அப்ளிகேஷனைத் தேவையானவற்றோடு அடைத்து ஓட்டும் பெட்டி) சேர்க்கப் போகிறீர்களா? முதலில் அந்தக் கண்டெய்னரின் ரீஸ்டார்ட் பாலிசியை (நின்றுபோனால் டாக்கரே மீண்டும் எழுப்ப வேண்டுமா என்ற அமைப்பு) ‘நோ’ என்று வையுங்கள். ‘ஆல்வேஸ்’ என்று விட்டுவிட்டால், விழுந்த சர்வர் திரும்ப எழுந்ததும் டாக்கர் தானாகவே கண்டெய்னரைக் கிளப்பிவிடும். பேஸ்மேக்கரோ அதை ஏற்கெனவே மற்ற சர்வரில் ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரே டேட்டாபேஸ் இரண்டு இடத்தில்! இந்தக் கூத்தில் நானும் ஓர் இரவு தூக்கம் தொலைத்திருக்கிறேன். டாக்கர் சர்வீஸ் மட்டும் எல்லா சர்வரிலும் பூட் ஆகும்போதே ஓடட்டும்.

அப்புறம், கண்டெய்னரை உருவாக்கும் மூலக் கோப்பான இமேஜை எல்லா சர்வரிலும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஃபெயில்ஓவர் நேரத்தில், அதாவது வேலை மற்ற சர்வருக்கு மாறும்போது, இறக்க ஆரம்பித்தால் ஸ்டார்ட் டைம்அவுட் (எழுவதற்கு ஒதுக்கிய நேரம்) தாண்டிவிடலாம். ஸ்டார்ட் ஒருமுறை தோற்றாலே, இயல்பான அமைப்பில், பேஸ்மேக்கர் அந்த சர்வரை ஒதுக்கிவிடும். ‘லேட்டஸ்ட்’ டேக் வேண்டாம், குறிப்பிட்ட பதிப்பையே கொடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது கண்காணிப்பு. பேஸ்மேக்கருக்காகக் கண்டெய்னரை எழுப்பி, நிறுத்தி, கண்காணிக்கும் ஸ்கிரிப்ட்டான டாக்கர் ரிசோர்ஸ் ஏஜென்ட் தானாகப் பார்ப்பது கண்டெய்னர் ஓடுகிறதா என்பதை மட்டும்தான். உள்ளே அப்ளிகேஷன் உறைந்து கிடந்தாலும் ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும். அந்த ஏஜென்ட்டின் ‘மானிட்டர் சிஎம்டி’ (monitor_cmd) அளவுருவில், கண்டெய்னருக்குள் ஓடி உண்மையிலேயே பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

பகிர்வு டிஸ்க், விர்ச்சுவல் ஐபி (சர்வர் மாறினாலும் கூடவே நகரும் முகவரி), கண்டெய்னர் மூன்றையும் இதே வரிசையில் ஒரு குரூப்பில் போட்டால் போதும். வரிசைப்படி எழும், தலைகீழாக நிற்கும். கோளாறான சர்வரை வலுக்கட்டாயமாக அணைத்து ஒதுக்கும் வசதியான ஸ்டோனித்தை (STONITH) மட்டும் அணைத்து வைக்காதீர்கள்.