இரண்டாம் தவணை நின்றபோது

எங்கள் கிராம வனக் குழுவுக்கு மரம் வளர்ப்பு மானியத்தின் இரண்டாம் தவணை வராமல் நின்றுவிட்டது. விண்ணப்பத்தில் 2 மீட்டர் இடைவெளி என்று எழுதியிருந்தோம். அந்தக் கணக்கில் ஹெக்டேருக்கு 2,500 கன்றுகள். மழை குறைந்த நிலம் என்பதால் 3 மீட்டர் விட்டு நட்டோம். அப்படி நட்டால் 1,111 தான் வரும். கள ஆய்வில் மீதிக் கன்றுகள் எங்கே என்று கேட்டபோது, குழி தோண்டிய பெண்கள் குற்றவாளிகளைப் போல நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

குழுவைக் கூட்டி, இடைவெளியை மாற்றிய காரணத்தைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். சர்வே எண் வாரியாகக் கன்றுகளை எண்ணினோம், பட்டுப்போனவற்றையும் மறைக்கவில்லை. செலவாகாத தொகையைத் தனியே காட்டி, மானியப் பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் திருத்தி அனுப்பினோம். ரசீதுகளைத் தேதி வாரியாக ஒட்டவே மூன்று இரவுகள் ஆயின. ஏழாவது வாரம் பணம் வந்தது. முதல் வேலையாக அந்தப் பெண்களின் கூலி பாக்கியைக் கொடுத்தோம்.