குருளைச் சாரணர் உறுதிமொழி விழாவை முதன்முறையாக நடத்துவது எப்படி?

1916-இல் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், அதில் சிறு பிள்ளைகளுக்காகக் குருளையர் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்தே, உறுதிமொழி சொன்ன பிறகுதான் ஒரு பிள்ளை முழு உறுப்பினர். இதை நடத்தப் பெரிய மேடை வேண்டாம். பிள்ளைக்குப் பழக்கமான கூட்ட இடமே போதும்.

முதலில் பிள்ளையைத் தயார்படுத்துங்கள். அதிகம் நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். சேர்ந்த வாரமே விழா வைக்காதீர்கள். சில கூட்டங்களுக்கு வரட்டும், விளையாடட்டும், தன் அறுவர் குழுவோடு, அதாவது ஆறு பேர் அளவிலான சிறு அணியோடு, ஒட்டட்டும். இடையில் உறுதிமொழியை ஒவ்வொரு வரியாக எடுத்துப் பேசுங்கள். “என்னால் இயன்றவரை செய்வேன் என்றால் என்ன?” என்று கேளுங்கள். “தம்பி பொம்மையை உடைச்சா அடிக்க மாட்டேன்” என்று பதில் வந்தால், அதுவே அருமையான பதில். மனப்பாடம் ஆகவில்லை என்பதற்காக விழாவைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் ஒரு வரி சொல்ல, பிள்ளை திருப்பிச் சொன்னால் போதும். பயப்படுகிற பிள்ளையை மட்டும் கட்டாயப்படுத்தவே கூடாது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பொருள்கள்: கொடி, ஸ்கார்ஃப், அதைக் கோர்க்கும் வாகில் என்ற வளையம், உறுப்பினர் சின்னம். முந்தின நாளே எடுத்து வையுங்கள். பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள்.

விழா அன்று எல்லாரும் வட்டமாக நிற்கட்டும். அறுவர் குழுவுக்குத் தலைமை தாங்கும் பிள்ளை, புதிய பிள்ளையை நடுவில் நிற்கும் அகேலாவிடம் அழைத்து வரும். முழுக் குழுவையும் நடத்தும் பெரியவரான உங்களைத்தான் பிள்ளைகள் அகேலா என்று அழைப்பார்கள். குனிந்து, பிள்ளையின் கண்ணைப் பார்த்து, “உறுதிமொழி எடுக்க விருப்பமா?” என்று கேளுங்கள். எல்லாரும் சல்யூட் வைக்க, பிள்ளை உறுதிமொழி சொல்லும். குரல் சன்னமாக இருந்தால் மைக்கை நீட்டாதீர்கள், வட்டத்தைச் சுருக்குங்கள். பல பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவராகத்தான் சொல்ல வேண்டும். கூட்டமாகச் சொல்ல வைத்தால் நேரம் மிச்சமாகலாம், ஆனால் அது எந்தப் பிள்ளையின் வாக்காகவும் நிற்காது.

சொல்லி முடித்ததும் ஸ்கார்ஃப் அணிவித்து, சின்னம் கொடுத்து, சாரணர் வழக்கப்படி இடது கையால் கைகுலுக்குங்கள். ஸ்கார்ஃப் கட்டப் பெற்றோரையே அழைத்தால் இன்னும் நல்லது. படம் எடுப்பதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மரபு வழியில் நடத்தும் பல குழுக்களில், கிராண்ட் ஹவுல் என்ற கூட்டு ஊளையில் புதியவர் அன்றுதான் முதன்முதலாகச் சேர்வார். அது முடிந்த கையோடு ஒரு விளையாட்டைத் தொடங்கிவிடுங்கள். வாழ்த்துரை ஏதாவது இருந்தால் பெற்றோர் தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.