ஆயில் குடிக்கும் பழைய இஞ்சின்: ரிங்கின் மேல் பழி போடுவதற்கு முன்

பழைய காரில் இஞ்சின் ஆயில் குறைகிறது என்று வாய் திறந்தால் போதும், "ரிங் போய்விட்டது" என்று யாராவது தீர்ப்பு எழுதிவிடுவார். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிஸ்டன் ரிங் (சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம்) மாற்ற இஞ்சினையே பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு கோளாறு வேறெங்கோ இருந்தது தெரியவந்தால், போட்ட பணம் போனதுதான்.

எவ்வளவு குறைகிறது என்று அளக்காமலே காரணம் தேடக் கிளம்புவது முதல் தவறு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, 10 நிமிடம் கழித்து ஆயில் மட்டம் காட்டும் கோலான டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். அணைத்த கையோடு பார்த்தால் ஆயிலில் ஒரு பகுதி மேலேயே தங்கியிருக்கும். அளவு குறைவாகக் காட்டும். மேல் கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, 1000 கிலோமீட்டர் ஓடிய பின் அதே இடத்தில் அதே முறையில் மறுபடி பார்க்க வேண்டும். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறக்குறைய 1 லிட்டர். சின்னச் சின்னத் தூரமே ஓடும் காரில் ஒரு சூது உண்டு: எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து மட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட பயணம் போனால் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆயில் திடீரென்று இறங்கியதாகத் தோன்றும். உண்மையில் அது பல நாட்களாகக் குறைந்துகொண்டே வந்திருக்கும்.

தரையில் சொட்டு இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று நினைப்பதும் தவறுதான். வால்வு கவர் (இஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட்டிலிருந்து கசியும் ஆயில், சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழுந்து அங்கேயே எரிந்து தீர்ந்துவிடலாம். சிக்னலில் நிற்கும்போது உள்ளே தீய்ந்த வாடை வந்தால் பானட்டைத் திறந்து முதலில் அங்கே பாருங்கள்.

புகைக்கு வருவோம். நீலப் புகை ஆயிலுடையது, கறுப்பு மிகையான எரிபொருளுடையது, நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ட்டுடையது என்பது பலருக்கும் தெரியும். எப்போது வருகிறது என்பதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். இரவெல்லாம் நின்ற கார் காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு முறை நீலமாகக் கக்கிவிட்டு அடங்கினால், வால்வின் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீலைச் சந்தேகிக்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி அழுத்தும்போது புகை எழுந்தாலும் அதே சீல்தான், அல்லது அந்தத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருக்கும். காலை எடுத்தவுடன் இன்டேக்கில் (இஞ்சினுக்குள் காற்று போகும் வழி) உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சுகிறது. பாரம் இழுக்கும்போது விடாமல் புகைந்தால், ரிங் என்று சொன்னவர் ஜெயித்திருக்கக்கூடும். புகையே தெரியாவிட்டாலும் நிம்மதியடைய வேண்டாம். எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஓரளவு ஆயிலைச் சத்தமில்லாமல் எரித்து மறைத்துவிடும்.

நான் முன்பு வைத்திருந்த காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) இறக்கி வால்வு சீல்களை மாற்றினார்கள். ஆயில் குறைவது நிற்கவில்லை. பிறகொரு நாள் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஆயில் தேங்கிப் பளபளத்தது. காரணம், விரல் நீளமே உள்ள பி.சி.வி. வால்வு. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி, கிடைத்த வழியிலெல்லாம் ஆயிலைத் தள்ளும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் இன்டேக் ஆயில் ஆவியை இழுத்துக் குடிக்கும். என் காரிலிருந்ததைக் கழற்றிக் குலுக்கினேன். 'டக் டக்' என்று ஆட வேண்டியது கல்லுப்பிள்ளையாராக இருந்தது. எல்லாக் கார்களிலும் இப்படிக் கழற்றும் வால்வு இருக்காது. சிலவற்றில் வால்வு கவருக்குள்ளேயே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அது கிழிந்திருந்தால், இஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறப்பதே கடினமாகும் அளவுக்கு உள்ளே இழுக்கும்.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் எண்கள் நன்றாக வந்தன, ஆகவே ரிங் பிழைத்தது என்று எழுதிக்கொடுப்பவர்களும் உண்டு. அழுத்தத்தைப் பிடிப்பவை மேலிருக்கும் இரண்டு ரிங்குகள். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழிக்கும் மூன்றாவது ரிங் கார்பனில் இறுகிப்போயிருந்தாலும், ஆயில் வடியும் துளைகள் அடைத்திருந்தாலும், எண்கள் அழகாகவே வரும். ஸ்டெம் சீல் கெட்டிருப்பதையும் இந்தச் சோதனை சொல்லாது. எண் குறைவாக வந்தால் மட்டும், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றும்போது வரிசை மாறாமல் வையுங்கள். ஒன்றின் முனை மட்டும் ஆயில் பிசுபிசுப்புடன் கறுத்திருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில். எல்லாமே அப்படியென்றால் பி.சி.வி.யையும் பார்த்துவிட்டு மேலே போகலாம். உலர்ந்த கரிப்பொடி வேறு கதை. அது எரிபொருள் அதிகமாவதன் அடையாளம்.

இதற்கெல்லாம் முன்பே தடித்த ஆயிலை ஊற்றிவிட்டால் தடயம் கலைந்துவிடும். புகை கொஞ்சம் குறையும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். வால்வு டைமிங்கை (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இஞ்சின்களில் புதுத் தொல்லையும் சேரும். குறைகிறதே என்று மேல் கோட்டைத் தாண்டி நிரப்புவதும் அப்படித்தான்: அடியில் சுழலும் தண்டான கிராங்க் கடைந்து நுரையாக்கிய ஆயில் இன்டேக்குக்குப் போய் இன்னும் அதிகமாக எரியும்.

சோதனைகள் முடியும் வரை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டாஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான பழைய கார்களில் அது காட்டுவது அழுத்தத்தை மட்டுமே, மட்டத்தை அது அறியாது. ஓடும்போது அது எரிந்தால் பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் போகவில்லை என்று பொருள். ஓரமாக நிறுத்தி உடனே இஞ்சினை அணைத்துவிட வேண்டும்.