கழுவியும் போகாத ஃபிரிட்ஜ் நாற்றத்துக்கு என்ன செய்வது?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் நேரம். தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டோம். ஐந்தாம் நாள் வந்து கதவைத் திறந்தால் வாசலிலேயே குமட்டியது. ஃப்ரீசரில் ஒரு கிலோ வஞ்சிரமும் அரை கிலோ இறாலும் இருந்ததை யாருமே நினைக்கவில்லை. அது உருகி, வழிந்து, காய்கறி டப்பா வரை இறங்கித் தேங்கிக் கிடந்தது.

கழுவினேன். எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தேன், கிண்ணத்தில் ஆப்ப சோடா வைத்தேன், காபித்தூள்கூட வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் இரண்டு நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் பாலில் மீன் வாடை. இப்படியே மூன்று வாரம். தண்ணீர் வழிந்து போன பாதை முழுக்க நாற்றம் உட்கார்ந்திருக்க, நான் கண்ணுக்குத் தெரிந்த தட்டுகளை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜைக் கழுவுவது ஆபத்து என்பது ஒரு பக்கம். குளிரில் வாடை அமுங்கி இருக்கும், எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கவே முடியாது. உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த கறி, மீன், பால், சமைத்த குழம்பு எதையும் மிச்சம் பிடிக்க வேண்டாம். கதவைத் திறக்காமலே வைத்திருந்தாலும் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 2 நாள். ஐஸ் ட்ரேயில் இருக்கும் ஐஸையும் கொட்டிவிடுங்கள், அது வாடையை நன்றாக இழுத்து வைத்திருக்கும். ஃப்ரீசரில் ஐஸ் கட்டியிருந்தால் தானாக உருகட்டும், கத்தியால் குத்திவிடாதீர்கள். உள்ளே போகும் கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால் செலவு வேறு கணக்கு.

கண்ணாடித் தட்டுகளைக் கழற்றி, கொஞ்ச நேரம் வெளியே வைத்து, குளிர் போனபிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் தேயுங்கள். சில்லென்று இருக்கும்போதே வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும்.

அடுத்து எதைப் போட்டுத் துடைப்பது? இங்கேதான் நான் நாட்களை வீணாக்கினேன். எல்லா நாற்றத்துக்கும் ஆப்ப சோடா என்று சொல்கிறார்கள். புளித்த தோசை மாவு, திரிந்த பால், தயிர் கொட்டியது என்றால் சரி, அது அமில வாடை, சோடா அதை முறிக்கும்; ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். மீன் வாடை அப்படி இல்லை. ட்ரைமெத்தில் அமீன் என்று ஒன்று, அது காரத்தன்மை உள்ளது, அதற்கு அமிலம் வேண்டும். அம்மா மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும், சாப்பிட்ட கையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆகவே மீன், இறால், கருவாடு என்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள், பத்து நிமிடம் விட்டு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை. வினிகர் பயன்படுத்தும் அன்றைக்கு பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது விளையாட்டல்ல.

கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள், உள்ளே கருப்பாக ஏதாவது இருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்தான் அதற்குச் சரி.

இனி பின்பக்கம். உள்ளே பின்சுவரின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். சுவரில் வழியும் தண்ணீர் அதன் வழியாகக் குழாயில் இறங்கி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரஸர் அருகே உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். மீன் தண்ணீரும் அதே வழியில்தான் போயிருக்கும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான வினிகர் தண்ணீரை எடுத்து ஓட்டைக்குள் மெதுவாக, இரண்டு மூன்று தடவை விடுங்கள். பிறகு ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து அந்தத் தட்டைப் பாருங்கள். என் வீட்டுத் தட்டில் இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை, சாப்பிடும் நேரத்தில் யாராவது படிப்பீர்கள். சில மாடலில் தட்டு கழன்று வரும், சிலவற்றில் ஒட்டியே இருக்கும், அப்போது துணியை நனைத்து நனைத்து எடுக்க வேண்டியதுதான். டபுள் டோர் பெட்டிகள் பலவற்றில் ஓட்டை ஃப்ரீசர் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும், அங்கே மின்விசிறியும் ஹீட்டரும் உண்டு. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கழுவியதும் உடனே போடாதீர்கள். கதவைத் திறந்து வைத்து ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் காயட்டும், ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கதவு மூடிக்கொள்ளாதபடி ஏதாவது முட்டுக் கொடுங்கள், உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் வயசு அது. காய்ந்தபின் மிச்சமிருக்கும் லேசான வாடைக்கு மட்டும்தான் சோடா, கரி எல்லாம். மீன் தொட்டிக் கடைகளில் ஆக்டிவேட்டட் கார்பன் கிடைக்கும், ஒரு கைப்பிடியை மெல்லிய துணியில் முடிந்து மேல்தட்டில் வையுங்கள். அடுப்புக்கரியும் ஓரளவு உதவும், ஆனால் ஆக்டிவேட்டட் கார்பன் அளவுக்கு வராது. காபித்தூள் பெரும்பாலும் வாடையின்மேல் காபி மணத்தைப் போர்த்தும், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்து ஒரு வாரம் கழித்தும் வாடை வந்தால், உள்சுவரில் விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் வழியாகச் சாறு உள்ளே இருக்கும் ஃபோமில் இறங்கியிருந்தால் எந்த வினிகரும் எட்டாது. காசை இதற்கு மேல் அதில் போடாமல் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதே மேல். எனக்கு அந்த நிலை வரவில்லை, தட்டைக் கழுவிய மூன்றாம் நாள் பாலில் வெறும் பால் வாசம்தான் இருந்தது.