வரைந்தவர் எங்கே நின்றார்?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மைச் சித்திரம் ஒன்று கைக்கு வந்தால், மலையின் அழகைப் பிறகு ரசித்துக்கொள்ளலாம். வரைந்தவர் எங்கே நின்றார் என்று முதலில் தேடுங்கள். நகலெடுத்துப் பார்த்தால்தான் எனக்கு அது பிடிபடும். ஒரு பென்சிலும் தாளும் போதும்.

என் மேசையில் இருக்கும் படம் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து, மலைக்கோட்டை ஒன்றினுடையது. வரைந்தவர் பெயர் இல்லை. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின், 1792-இல், அந்தச் சீமை கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதே ஆண்டில் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் அவ்வழியே வரைந்துகொண்டு போனார்கள். அவர்கள் ஓவியர்கள். ஆனால் அன்றைய ராணுவ அதிகாரிகளுக்கும் நிலக்காட்சி வரைவது ஒரு பாடம். இங்கிலாந்தின் ஊல்விச் ராணுவப் பள்ளியில் 1768 முதல் அதைக் கற்பித்தவர் பால் சாண்ட்பி என்ற ஓவியர். ஆகவே பெயரில்லாத படத்தில் ரசிகனின் கை எது, வேவுக்காரனின் கை எது என்று பிரிப்பது லேசில்லை.

என் படத்தில் கொத்தளங்களை எண்ணிவிடலாம்: ஏழு. மலையேறும் பாதை ஒவ்வொரு வளைவோடும் இருக்கிறது. அடிவாரத்து ஊரோ நீர்த்த மையில் ஒரே தீற்றல். வீடு எது, வைக்கோற்போர் எது என்று தெரியவில்லை. இவருக்கு ஊர் பொருட்டே இல்லை என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அவர் நின்ற மேட்டிலிருந்து பார்த்தால், புழுதிக்குள் ஊர் அப்படித்தான் தெரிந்திருக்கலாம்.

அசலைப் பார்க்க வாய்த்தால் மையின் நிறத்தையும் கவனியுங்கள். கரி மை கறுப்பாகவே நிற்கும். இரும்புச் சத்துள்ள மை நாளடைவில் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பை அந்தி வெயில் என்று நினைத்து ஒரு பக்கம் உருகி எழுதியவன் நான். கீழே ஊர்ப்பெயர் இருந்தால், அது அதே மையா, அதே கையெழுத்தா என்றும் பாருங்கள். பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.

முன்புறப் பாறையில் ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார். மலையின் உயரம் தெரியட்டும் என்று இப்படி ஆளை நிறுத்துவது ஓவியர் வழக்கம்தான். ஆனால் இவர் தோளில் சாய்வாக ஒரு கீற்று. முதல் நகலில் அது என் கையில் துப்பாக்கியாக வந்தது, அவர் சிப்பாயானார். இரண்டாவதில் கோலாக வந்தது, ஆடு மேய்ப்பவரானார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: பேனா ஒரே இழுப்பில் போயிருக்கிறது, நுனியில் மை தீர்ந்திருக்கிறது. மூன்றாவது நகலில் நானும் மை தீரும் இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.