ஸ்டாஃபா தீவில் இறங்கி ஃபிங்கல் குகையைப் பார்ப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், மல் தீவுக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஆள் குடியில்லாத ஸ்டாஃபா இருக்கிறது. முதல் தடவை போனபோது குகை வாசலைப் படகிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவைதான் இறங்க முடிந்தது. விசா, விமான டிக்கெட் பற்றி எழுதப் போவதில்லை, கிளாஸ்கோவிலிருந்து தொடங்குகிறேன்.

1. ஃபின்னஃபோர்ட் வரை

கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் ஓபன் (Oban) என்ற துறைமுக ஊர். அங்கிருந்து மல் தீவிலுள்ள க்ரெய்க்னூருக்கு ஃபெரி, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். பிறகு பஸ்ஸில் தீவின் மறுகோடியான ஃபின்னஃபோர்ட். ஸ்டாஃபாவுக்குப் படகு இங்கிருந்துதான். ஓபனிலிருந்து ஒரே நாளில் போய்வரும் டூர்களும் உண்டு. என்னைக் கேட்டால் ஃபின்னஃபோர்ட் பக்கம் இரண்டு இரவு தங்குங்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

2. நாள் பார்ப்பது

நான் கோட்டை விட்டது இங்கேதான். அன்று நல்ல வெயில், காற்றே இல்லை. ஆனால் படித்துறையை நெருங்கியதும் படகு ஆள் உயரத்துக்கு ஏறி ஏறி இறங்கியது. இறக்கிவிட முடியாது என்று படகோட்டி திருப்பிவிட்டார். அவர் செய்தது சரி.

காரணம், தொலைதூரப் புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலை. நம் கரையோரத்தில் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடுகிறார்களே, அதே சங்கதி. இங்கே காற்று இல்லாவிட்டாலும் அட்லாண்டிக்கிலிருந்து அது வந்து சேரும். அதனால் விண்டி செயலியில் காற்றோடு நிறுத்தாமல் ‘ஸ்வெல்’ அடுக்கையும் திறந்து, அலையின் உயரம், திசை இரண்டையும் பாருங்கள். சாதாரண வானிலைச் செயலிகள் இதற்கு உதவாது. முதல் நாள் கடல் ஒத்துவராவிட்டால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இரவு அதற்குத்தான்.

3. இறங்கியதும்

தீவில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம். எல்லாரும் படியேறி பஃபின் பறவைகளைப் பார்க்க ஓடுவார்கள் (ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அவை கிளம்பிவிடும்). நீங்கள் முதலில் குகைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது.

பாதை என்பது உடைந்த கல்தூண்களின் தலைகள்தான். ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது, காய்ந்த ஏரித்தரை போல வெடித்து, பெரும்பாலும் அறுகோணத் தூண்களாகப் பிரிந்தது. காய்ந்த கல்லில் தைரியமாக நடக்கலாம். கறுத்து மினுங்கும் ஈரக்கல்லில் மட்டும் கால் வைக்காதீர்கள். கனமான மலையேற்ற பூட்ஸைவிட, நல்ல பிடிப்புள்ள லேசான ஷூவே மேல். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும், ஃபோன் பைக்குள் இருக்கட்டும்.

குகை சுமார் 70 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். உள்ளே எப்போதும் கடல்தான் தரை. கண்ணை மூடி ஐந்து நிமிடம் நில்லுங்கள். அலை உள்ளே போய்க் கடைசிச் சுவரில் மோதும் ஓசை ஒரு கணம் தாமதித்துத்தான் வரும். முதலில் உள்ளங்காலில் தெரியும், அப்புறம்தான் காதில். கேலிக் மொழியில் இதற்கு ‘இசைக்குகை’ என்றே பெயர்.

பின்சேர்க்கை: ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் இந்தக் குகையைப் பார்த்துவிட்டுத்தான் ‘ஹெப்ரிடீஸ்’ இசையைத் தொடங்கினார் என்று முன்பு எழுதியிருந்தேன். ஒரு வாசகர் திருத்தினார்: தொடக்க வரிகளை அவர் குறித்தது 1829 ஆகஸ்ட் 7, ஸ்டாஃபாவுக்குப் போனது மறுநாள்.

இன்னொருவர் போனபோது பாறை சரிந்ததால் குகைப் பாதையை மூடியிருந்தார்களாம். தீவு 1986 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. படகுக்குப் பணம் கட்டும் முன் அவர்கள் தளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.